சந்துப் பக்கத்துத் தீ

ஜூன் 3

வணக்கம்.

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. பாப்பா விடுதியில் நன்றாக இருக்கிறாள். பரீட்சை முடிந்து உங்களோடு ஒரு வாரம், என்னோடு ஒரு வாரம் என்று அவளே பங்கு பிரித்து வைத்திருக்கிறாள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடும், அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் கடைக்கு அடுத்த அட்டைப்பெட்டிக் கடை எரிந்துபோனது. யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்று உங்கள் துறைக்காரர்களே சொல்லிவிட்டார்கள். பின்பக்கச் சந்தில் குவிந்திருந்த அட்டையில் பற்றி, ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. சாயங்காலம், ஆட்கள் இருந்த நேரம். சரக்கை வெளியே இழுக்கப்போன கட்டுக்கார அண்ணனுக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுவதுதான் அவர் தொழில். விரல் மடங்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லையாம்.

எனக்கும் அந்தக் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். என் பக்கம் முழுக்க ஃபோம், பஞ்சு, சோபா உறைத் துணி. அன்றைக்குக் காற்று கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

போலீஸ் சந்தேகப்படுவது என் பழைய ஆளை. ஃபோம் வெட்டும் மெஷினில் இருந்தவன், தெருவே நெட்டையன் என்று கூப்பிடும். வாடிக்கையாளர் ஒருவரோடு கைகலப்புவரை போனதால் ஏப்ரலில் அவனை நிறுத்திவிட்டேன். என் மேல் இருந்த கோபத்தில் கடை மாற்றித் தீ வைத்துவிட்டான் என்று பேச்சு. தினமும் காலையில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அனுப்புகிறார்களாம்.

தீயணைப்பு நிலைய அதிகாரி என்ற முறையில் சொல்லுங்கள். வேண்டுமென்றே வைக்கிற தீயிலிருந்து ஒரு கடையை எப்படிக் காப்பாற்றுவது? என் கணவர் என்ற முறையில் எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மெத்தைக் கடை உரிமையாளர்


ஜூன் 9

மெத்தைக் கடை உரிமையாளருக்கு,

கடிதம் கிடைத்தது. நீ பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சி. இது நிலைய அதிகாரியின் மகிழ்ச்சிதான், தவறாக எடுத்துக்கொள்ளாதே.

தீ வைக்க வருகிறவன் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவான். பாக்கெட்டில் தீப்பெட்டி இருக்கும், அவ்வளவுதான். எரிய வேண்டியதை நாமே அவனுக்கு வாசலில் எடுத்து வைத்திருப்போம். ஆகையால் முதலில் சந்துக்குப் போய் நின்று பார். ஃபோம் வெட்டிய துண்டுகளை எங்கே போடுகிறாய்? கோணிச்சாக்கில் கட்டிப் பின்சுவரில் சாய்த்து வைப்பாய் என்று நினைக்கிறேன். அதை இன்றைக்கே எடு. மூடி போட்ட இரும்புத் தொட்டி வாங்கி, பூட்டுப் போட்டு, சுவரை விட்டுத் தள்ளி வை. ஷட்டருக்கு அடியில் எவ்வளவு இடைவெளி? எரிகிற காகிதம் நுழையும் என்றால் தகரப்பட்டை அடிக்கச் சொல். பின்பக்கம் விளக்கு இருக்கிறதா? ஏணியை வெளியே விட்டுவிட்டுப் போகிறீர்களா? சாவி யார் யாரிடம் இருக்கிறது?

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. திருடனுக்குப் பயந்து பின்கதவைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடாதே. உள்ளே ஆள் இருக்கும்வரை அந்தக் கதவு ஒரே தள்ளில் திறக்க வேண்டும். ஃபோம் எரிந்தால் தீக்கு முன்னால் புகை வரும், கறுப்பாக, மூச்சை அடைக்கிற புகை. கதவைத் தேட நேரம் கிடைக்காது.

இன்னும் ஒரு கேள்வி, இது என் சொந்த ஆர்வம். அந்தச் சந்தில் எரிந்தது இதுதான் முதல் தடவையா? கடை முழுக்கப் போன பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் சின்னச் சின்னதாக ஏதாவது எரிந்து, யாராவது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மறந்திருப்பார்கள். விசாரித்துப் பார்.

நிலைய அதிகாரி


ஜூன் 17

நிலைய அதிகாரிக்கு வணக்கம்.

சாக்கைப் பின்சுவரில் சாய்த்து வைப்பேன் என்று எப்படித் தெரிந்தது? என் கடைக்குள் நீங்கள் ஒருநாளும் காலடி வைத்ததில்லையே. படித்துவிட்டு நானே போய்ப் பார்த்தேன். நீங்கள் எழுதிய மாதிரியே வரிசையாகச் சாய்ந்து நின்றன. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

எல்லாம் செய்தாகிவிட்டது. தொட்டி வந்துவிட்டது, தகரப்பட்டை அடித்தாகிவிட்டது, பின்பக்கம் விளக்குப் போட்டாகிவிட்டது. சாவி விஷயத்தில்தான் தலைகுனிவு. நெட்டையனை நிறுத்தியபோது அவனிடம் இருந்த பின்கதவுச் சாவியைத் திருப்பி வாங்கவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் நினைவு வந்தது. அன்றைக்கே பூட்டை மாற்றினேன். தையல் பெண்கள் இருவரும், ‘சாவி வச்சிருந்தவன் எதுக்கு வெளிய நின்னு கொளுத்தணும்?’ என்று பேசிக்கொண்டார்கள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உங்கள் சொந்த ஆர்வக் கேள்விக்கு வருகிறேன். எதிர் டீக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, ‘அது எரியுங்க, அப்பப்ப எரியும்’ என்றார், மழை அப்பப்பப் பெய்யும் என்று சொல்கிற மாதிரி. யாரோ பீடித் துண்டைப் போட்டிருப்பார்கள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்களாம். தோண்டித் துருவினேன். சந்தில் குவிந்த குப்பை இந்த வருடம் ஜனவரியில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை எரிந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். மார்ச்சில் எரிந்ததை அணைத்தது யார் தெரியுமா? நெட்டையன். அப்போது அவன் என்னிடம்தான் வேலையில் இருந்தான், அவனுக்கும் எனக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு வாளியோடு ஓடினானாம். நான் துணி எடுக்கப் போயிருந்தேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

இதைப் போலீஸில் சொன்னேன். எழுத்தர் எழுதிக்கொண்டார். ஆனால், ‘தெரு முழுக்க அவனைத்தானே அம்மா சொல்லுது’ என்றார்.

எனக்கு இப்போது தூக்கம் கெட்டது பயத்தால் இல்லை. அப்படியென்றால் யார்? எதற்கு? கேள்வி கேட்கிற வியாதி உங்களிடமிருந்து தபாலில் ஒட்டிக்கொண்டது போல.

மெத்தைக் கடைக்காரி


ஜூன் 23

மெத்தைக்காரிக்கு,

வியாதி ஒட்டிக்கொண்டது பற்றி மிகவும் சந்தோஷம். அதற்கு மருந்து கிடையாது.

யார் என்று தேடாதே. ஆளை முதலில் முடிவு செய்துவிட்டால் சாம்பலில் தெரிவதெல்லாம் அவன் முகமாகவே தெரியும். எனக்கு நேர்ந்திருக்கிறது. ஒரு மர அறுப்புப் பட்டறையில் பங்காளிச் சண்டை என்று நான் அடித்துச் சொன்னேன், கடைசியில் அது யாரோ பூனையை விரட்டப்போய் விளக்கைத் தட்டிவிட்டதால் நேர்ந்தது. இப்போதும் அந்த ஊர்க்காரர்கள் என்னைக் கண்டால் பூனை மாதிரி கத்துவார்கள்.

எரிந்த பொருளைப் பார். மூன்று தடவையும் சந்தில் எந்த இடத்தில் எரிந்தது? ஒரே இடமா? அங்கே அப்போது என்ன கிடந்தது? அப்புறம், எரிந்து முடிந்த மறுநாள் என்ன நடந்தது? தீ வைக்கிறவனில் ஒரு வகை அழிக்க வருவான். இன்னொரு வகைக்கு ஏதோ ஒன்று நடக்க வேண்டியிருக்கும், தீ அதைச் சீக்கிரம் நடத்திக் கொடுக்கும். மறுநாளைப் பார்த்தால் தெரியும்.

இதைக் கேட்கலாமா தெரியவில்லை. ஃபோம் வெட்டும் மெஷின் எப்படி இருக்கும்? கத்தியா, கம்பியா? நேற்று நிலையத்தில் கிழிந்த மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன், ஓரம் அவ்வளவு நேராக இருந்தது. நீ வீட்டில் பலமுறை சொல்லியிருப்பாய். இப்போது சொன்னால் கவனமாகப் படிப்பேன்.

நிலைய அதிகாரி


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

அன்புள்ள என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்பி. மெல்லிய கம்பி ஓடிக்கொண்டே இருக்கும், ஃபோம் கட்டியை அதன் மேல் தள்ள வேண்டும். தள்ளுகிற கை சலித்தால் ஓரம் அலையடிக்கும். நெட்டையன் கை சலிக்கவே சலிக்காது.

இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்து படியுங்கள்.

மூன்றும் ஒரே இடம். சந்து வளைகிற மூலை, அட்டைப்பெட்டிக் கடையின் பின் ஷட்டருக்கு எதிரே, பின்வரிசையில் ஒரு சின்ன வீட்டின் இரும்புக் கேட்டுக்கு முன்னால். கேட்டின் கீழ்ப்பாதி கறுத்திருக்கிறது. எங்கள் கடைகளின் குப்பை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும், அட்டை, தெர்மாகோல், என் சாக்குகள் உட்பட. யாரும் திட்டம் போட்டுக் கொட்டவில்லை, அவரவர் கொஞ்சம் தள்ளித் தள்ளி அந்த மூலைக்கு வந்துவிட்டது.

மறுநாள் என்ன நடந்தது என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘மறுநாளா? குப்பை வண்டி வந்து சுத்தமா அள்ளிட்டுப் போவான். தீப்புடிச்சாத்தானே அவன் இந்தச் சந்துக்கு வர்றான்.’ சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். நான் கிளாஸை வைத்துவிட்டு நேரே அந்த மூலைக்குப் போனேன்.

அந்தக் கேட்டைத் தட்டினேன். நிஜமாகவே, ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்கத்தான் போனேன். என்னையே நம்பவைத்துக்கொண்டு போனேன் என்றுகூடச் சொல்லலாம். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு மனிதர் திறந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். முன்னறையில் அவர் மனைவி சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. சந்து வழியாகத்தான் தெருவுக்கு வர வேண்டும். குப்பை ஏறிவிட்டால் நாற்காலி கேட்டைத் தாண்டாது. அந்த அம்மா வெளியே வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று அவரே யோசித்துப் பார்த்து, விட்டுவிட்டார்.

கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார், நகராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறார். என் கடைக்கும் வந்தாராம். நான் தைக்கக் கொடுக்க வந்தவர் என்று நினைத்து உட்காரச் சொல்லியிருக்கிறேன், அப்புறம் யாரோ கூப்பிட்டு எழுந்து போய்விட்டேனாம். எனக்குத் துளியும் நினைவில்லை.

அவராகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

‘குப்பையத்தாம்மா எரிச்சேன். மொத ரெண்டு தடவையும் சின்னதா எரிஞ்சு அடங்கிடுச்சு, வண்டியும் வந்துச்சு. அன்னிக்கு அந்த ஷட்டர் கொஞ்சம் தொறந்திருந்தது. நான் பாக்கல.’

நெட்டையனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பது தெரியுமா என்று கேட்டேன்.

‘தெரியும். தெனம் இந்த வழியாத்தான் போறான். ஜன்னல சாத்திடுவேன்.’

பிறகு நாற்காலியைக் கண்ணால் காட்டி, ‘நான் உள்ள போயிட்டா இவள யாரு தூக்கி உக்கார வைப்பா?’ என்றார். அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எவ்வளவு கேட்டது, எவ்வளவு தெரியும், எனக்குத் தெரியவில்லை.

வந்துவிட்டேன். கட்டுக்கார அண்ணனின் கையை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. அந்த ஜன்னலை நினைத்தால் வேறு என்னவோ வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

மெத்தைக்காரி


ஜூலை 7

மெத்தைக்காரிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து வண்டிக் கொட்டகையில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

முதலில் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் இந்த வேலையில் இருக்கிறவன். வைத்த தீ, வைத்த ஆள், இரண்டும் எனக்குத் தெரிந்துவிட்டால் உங்கள் ஊர் நிலையத்துக்கு நான் எழுதியாக வேண்டும். தெரியாத மாதிரி இருக்க என்னால் முடியாது. இதை நீ எதிர்பார்த்திருப்பாய். எழுதும்போதே பேனா நின்றிருக்கும், அப்படியும் எழுதினாய்.

மற்றபடி சட்டத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தானாக வந்து நிற்கிறவரையும் இழுத்துக்கொண்டு வரப்படுகிறவரையும் யாரும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அதற்கு அவகாசம் நிறைய இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் இன்னொருவன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். பதில் என் நாக்கு நுனியில் இருக்கிறது. அதை எழுதினேன், அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அந்தத் தெரு உன்னுடையது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தவள் நீ. உன் அடுத்த கடிதம் வரும்வரை நான் யாருக்கும் எதுவும் எழுதப் போவதில்லை. இருபது வருட வேலையில் இப்படிக் காத்திருப்பது எனக்குப் புதிது.

அந்த அம்மாவின் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது? புகை போயிருக்குமே. அவருக்கு மூச்சுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டுப் பார்.

நான்


ஜூலை 15

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை அன்புள்ள என்பது கைப்பழக்கம் இல்லை.

உங்கள் கடிதம் வந்து சேர்வதற்கு முதல்நாளே காரியம் நடந்துவிட்டது. ஆனாலும் கிழித்துப்போட்ட அந்தத் தாளைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் பலமுறை படித்தேன்.

நான் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். போலீஸுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டவில்லை, சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுக்கவில்லை. ‘நீங்க இல்லாத நேரத்துல அம்மாவுக்கு என்னென்ன செய்யணும், கத்துக்குடுங்க’ என்று மட்டும் கேட்டேன். அவர் நாற்காலிச் சக்கரத்தைப் பூட்டினார். பிறகு அக்குளில் எப்படிக் கை கொடுப்பது, முதலில் எந்தக் காலை இறக்குவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். எல்லாம் காட்டி முடித்துவிட்டு, போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அந்த அம்மாதான் அவரிடம், ‘கண்ணாடிய எடுத்துக்கங்க, அங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுவாங்க’ என்றார். அந்த அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். நெட்டையன் பெஞ்சில்தான் இருந்தான். பெரியவர் அவன் முன்னால் போய் நின்றார். அவனே எழுந்து இடம் விட்டான். வயதானவர் நிற்கிறாரே என்று எழுந்திருக்கிறான், அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

வழக்குப் பதிவாகி, பெரியவருக்கு ஐந்தாம் நாள் ஜாமீன் கிடைத்தது. வழக்கு நடக்கும், தண்டனை என்ன ஆகும் என்று தெரியாது. அந்த ஐந்து நாளும் நானும் தையல் பெண்களும் முறைவைத்து அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டோம். புகை அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, நீங்கள் கேட்டீர்கள் என்று சொன்னேன். ‘யாரு அவரு?’ என்றார். தெரிந்தவர் என்று சொல்லிவைத்தேன். கட்டுக்கார அண்ணன் பெரியவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்ல யாருக்கும் துணிவும் இல்லை. வலதுகை விரல்கள் மடங்குகின்றன, இடதுகையில் இரண்டு மடங்கவில்லை.

தெருக் கடைக்காரர்கள் எல்லோரையும் என் கடையில் உட்கார வைத்துப் பேசினேன். நீங்கள் எனக்கு எழுதியதைத்தான் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன். எல்லோரும் மூடித் தொட்டி வாங்கியிருக்கிறோம். தொட்டியை யாரும் அந்த மூலைக்குத் தள்ள முடியாது, தரையோடு சங்கிலி. இனி வண்டி வாரம் இருமுறை வரும், வரவில்லையென்றால் மறுநாள் ஐந்தாறு பேராகப் போய் நகராட்சி வாசலில் நிற்போம். நேற்று அந்த அம்மா நாற்காலியில் தெருமுனைவரை வந்து, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துவிட்டுப் போனார்.

நெட்டையனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டேன். வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

‘கோவம் இல்லக்கா. போலீஸ் கேட்டாங்க, தெருவுல கேட்டாங்க. நீங்க மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நீதான் வச்சியான்னாவது கேட்டிருக்கலாம்.’

வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டான். இப்போது மெஷினில் இருக்கிறவனுக்கு ஓரம் அலையடிக்கிறது.

அவன் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. அதனால் இதை உங்களிடம் கேட்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் சட்டையில் புகை நாற்றத்தோடு வருவீர்கள், நான் வெந்நீர் வைப்பேன். எரிகிற இடத்துக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்ன செய்வீர்கள்?

உங்கள் மெத்தைக்காரி


ஜூலை 21

அன்புள்ள மெத்தைக்காரிக்கு,

உங்கள் ஊர் நிலையத்துக்கு நான் எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பெருமூச்சு விட்டேன், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

உன் கேள்விக்கு வருகிறேன். பயிற்சிக்கு வருகிற பையன்கள்தான் இதைக் கேட்பார்கள், வீட்டு மனிதர்கள் யாரும் கேட்டதில்லை.

நுழைந்ததும் நான் நிற்பேன். பார்க்கிறவர்கள் ஓடுவேன் என்று நினைப்பார்கள். மண்டிபோட்டு, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காது கொடுப்பேன். தீக்கு நிறையச் சத்தம் உண்டு, அதற்கு நடுவே மனிதச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று தேடுவேன். அந்த நேரத்தில் பயம் இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அது போகாது. அதனால்தான் அடுப்பைப் பார்ப்பேன், சுவிட்சைப் பார்ப்பேன், ஜன்னல் கொக்கியைப் பார்ப்பேன். உனக்கு அது சோதனை போடுகிற மாதிரி இருந்திருக்கும். நீ தூங்கிவிட்டாயா என்றும் பார்ப்பேன். அது உனக்குத் தெரியாது.

நெட்டையனை மறுபடி கூப்பிடாதே. அவன் கடைப் பக்கம் எப்போதாவது போனால் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு வா, போதும்.

அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை எனக்கு விடுப்பு கிடைத்திருக்கிறது. கம்பியில் ஃபோம் அறுபடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. உன் தெருவுக்கு வழி தெரியாது, விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன். சந்துப் பக்கம் வந்து நிற்கட்டுமா, வேறு எப்படி வரட்டும்? நீ சொல்கிற மாதிரி செய்கிறேன். வர வேண்டாம் என்றாலும் எழுது.

நான்


ஜூலை 26

அன்புள்ள உங்களுக்கு,

வாசல் வழியாகவே வாருங்கள். மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போய்விடுவார்கள், மெஷினை நானே ஓட்டிக் காட்டுகிறேன்.

தையல் பெண்கள் வருவது யார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள்,
நான்